ஈயம் போனது, சொல் நின்றது: அச்சுத்தொழிலின் சொற்களைப் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு



சந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, "எத்தனை பக்கம் தருவீங்க?" என்று கேட்டேன். "ஃபாரம் கணக்குக்கு அஞ்சாறு பக்கம் இடிக்குது, அதை நீங்கதான் நிரப்பணும்" என்று பதில் வந்தது. பக்கத்தில் இருந்த மாணவர் ஒருவர், "ஃபாரம்னா என்ன சார், அப்ளிகேஷன் ஃபாரமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் சொன்னால் அதுவே கட்டுரையாகிவிடும் என்று தோன்றியது.

நான் வரலாறு படித்தவன். மன்னர், போர், ஒப்பந்தம் இவற்றுக்குக் கல்வெட்டும் ஆவணமும் உண்டு. ஒரு தொழிலுக்கு அப்படி எதுவும் எளிதில் கிடைப்பதில்லை. அந்தத் தொழிலாளிகள் வாயில் புழங்கிய சொல்தான் அதன் கல்வெட்டு. தொழில் மறைந்து, சொல்லும் மறைந்துவிட்டால், அப்படி ஒரு வேலை நடந்தது என்பதற்கே அடையாளம் இராது. ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சடித்த தொழில் நம் கண் முன்னால்தான் மறைந்தது. ஆனால் அதன் சொற்களில் பாதி இன்றும் நம் பிள்ளைகள் தட்டும் கம்ப்யூட்டருக்குள் உயிரோடு இருக்கின்றன. மீதிப் பாதி நம் ஊர்ப் பெரியவர்கள் சிலரின் நினைவில் மட்டும் இருக்கிறது. இந்த இரண்டாவது பாதியைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

அச்சு என்ற சொல்

முதலில் 'அச்சு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அச்சு இயந்திரம் நம் நாட்டுக்கு வருவதற்கு முன்பே இந்தச் சொல் தமிழில் இருந்தது. வார்ப்பதற்கும் பதிப்பதற்கும் உரிய கருவி எதுவானாலும் அதற்கு அச்சு என்றே பெயர். இடைக்காலக் கல்வெட்டுகளில் அச்சு என்ற பெயரில் ஒரு காசே உண்டு. நம் வீட்டில் அச்சு வெல்லம், அச்சு முறுக்கு என்று இன்றும் சொல்கிறோம். "அப்பனை அச்சுல வார்த்தாப்ல இருக்கான்" என்று பெரியவர்கள் சொல்லும்போது அதே சொல்தான் வருகிறது. புதிய இயந்திரம் வந்ததும், நம் முன்னோர் புதுச் சொல் தேடி அலையவில்லை. வெல்லத்துக்கும் காசுக்கும் இருந்த சொல்லையே புத்தகத்துக்கும் கொடுத்துவிட்டார்கள்.

'நூல்', 'ஏடு', 'சுவடி' எல்லாம் ஓலைக் காலத்துச் சொற்கள். 'காகிதம்' பாரசீகத்திலிருந்து வந்தது. 'பதிப்பு' என்பது பதித்தல் என்ற வினையிலிருந்து பிறந்தது. ஆக, அச்சுத்தொழிலின் சொற்களில் பழந்தமிழும், வடமொழியும், பாரசீகமும், ஐரோப்பிய மொழிகளும் கலந்தே கிடக்கின்றன. எந்தச் சொல் எப்போது வந்தது என்று பார்த்தால் தொழிலின் வரலாறே தெரிந்துவிடும்.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தொடக்கம்

சுரண்டையிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் கொல்லம். நம்மில் பலர் சபரிமலைக்கும், வியாபாரத்துக்கும், வேலைக்கும் போய்வந்த வழி அது. அந்தக் கொல்லத்தில்தான் 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்கச் சிறு நூல் அச்சாகி முடிந்தது. தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூல் இதுதான். இதற்கு முன்பே 1554-இல் லிஸ்பன் நகரில் ஒரு தமிழ் நூல் அச்சானது. ஆனால் அதில் தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில்தான் அச்சிட்டார்கள்.

தம்பிரான் வணக்கத்தைத் தந்தவர் ஹென்றிக்கே ஹென்றீக்கஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார். முத்துக்குளித்துறையில், தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் நெடுங்காலம் வாழ்ந்து தமிழ் கற்றவர். முதலில் 1577-இல் கோவாவில் தமிழ் எழுத்து வார்த்தார்கள். பிறகு 1578-இல் கொல்லத்தில் வேறு எழுத்து வார்த்தார்கள். இரண்டு வார்ப்பின் மாதிரியும் அந்நூலின் கடைசியில் இருக்கிறது. அதன் பிரதி ஒன்று இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது.

நமக்கு மேற்கே மலை தாண்டிக் கொல்லம், கிழக்கே ஆற்றின் முகத்தில் புன்னைக்காயல். தமிழ் அச்சின் தொடக்கம் எங்கேயோ தூர தேசத்தில் நடந்தது அல்ல, நம் வட்டாரத்தின் இரண்டு ஓரங்களில் நடந்தது என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

தரங்கம்பாடியும் 1835-ஆம் ஆண்டும்

அதன் பிறகு தமிழ் அச்சு நீண்ட காலம் தூங்கிற்று. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு பாதிரியார் அதை மீண்டும் எழுப்பினார். ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் எழுத்து வார்த்து அனுப்பினார்கள். அந்த எழுத்து அளவில் பெரிதாக இருந்தது. அதை வைத்து அடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. ஆகவே சிறிய எழுத்தை இங்கேயே வார்த்தார்கள், பக்கத்தில் பொறையாறில் காகித ஆலையும் வைத்தார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாயிற்று. எழுத்தின் அளவைக் குறைத்தால் தாள் மிச்சம், தாள் மிச்சமானால் செலவு மிச்சம். இன்றைக்கு நாம் கம்ப்யூட்டரில் 'சைஸைக் கொஞ்சம் குறைப்பா' என்று சொல்லும் அதே கணக்குதான்.

1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரத்தைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அது வேப்பேரியில் பப்ரிசியஸ் பாதிரியாரிடம் வந்தது. அரசாங்க வேலையை முதலில் அடித்துக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. பாதிரிமார்களும் கம்பெனி அரசும்தான் அச்சை வைத்திருந்தார்கள் என்று சொல்லத்தக்க காலம் அது. 1835-இல் மெட்காஃப் கவர்னர் ஜெனரலாகப் பொறுப்பு வகித்தபோது வந்த சட்டம் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அதன்பின் நம்மவர்கள் ஊருக்கு ஊர் 'அச்சுக்கூடம்' வைத்தார்கள். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தாமே அச்சுக்கூடம் நிறுவி, பிழையில்லாத பதிப்பு என்றால் நாவலர் பதிப்பு என்று பெயர் வாங்கினார். 1887-இல் உ.வே.சா. சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அந்நாளில் 'அச்சுக்கூடம்', பிறகு 'பிரஸ்', பிறகு 'அச்சகம்'. ஒரே இடத்துக்கு மூன்று காலத்தில் மூன்று பெயர்.

கேஸ், ஸ்டிக், கேலி, ஃபாரம்

இனி மாணவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நான் படித்த காலத்தில் சுரண்டைப் பஜாரில் ஒரு சின்ன அச்சகம் இருந்தது. காய்கறிக் கமிஷன் கடைகளுக்குப் பில் புக், கோயில் கொடை நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, எங்கள் துறையின் கூட்ட அழைப்பிதழ் எல்லாம் அங்கேதான். காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் மிஷின் 'டடக் டடக்' என்று ஓடுவது தெருமுனை வரை கேட்கும்.

உள்ளே சரிந்த மரப் பலகை மேல், அறை அறையாகத் தடுத்த பெட்டிகள் இருக்கும். அதுதான் கேஸ். ஒவ்வோர் அறையிலும் ஒவ்வோர் எழுத்து. ஆங்கிலத்துக்குப் பெரிய எழுத்தை மேல் கேஸிலும் சின்ன எழுத்தைக் கீழ் கேஸிலும் வைப்பது ஐரோப்பிய வழக்கம். அதனால்தான் இன்றும் 'அப்பர் கேஸ்', 'லோயர் கேஸ்' என்கிறோம். தமிழுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் கிடையாது. ஆனால் எழுத்தின் எண்ணிக்கை அதிகம், ஆகவே அறையும் அதிகம்.

கம்பாசிட்டர் இடது கையில் ஸ்டிக் என்ற சிறு இரும்புத் தட்டைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் எழுத்தைப் பொறுக்கிக் கோப்பார். எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறியிருக்கும். அதைத் தலைகீழாக வைத்துத்தான் கோக்க வேண்டும், அப்படியே வாசிக்கவும் வேண்டும். வரிக்கும் வரிக்கும் இடைவெளி வேண்டுமானால் நடுவே மெல்லிய ஈயத் தகட்டைச் செருகுவார். ஆங்கிலத்தில் ஈயத்துக்கு 'லெட்' என்று பெயர். வரி இடைவெளிக்கு 'லெடிங்' என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். ஸ்டிக் நிறைந்ததும் கோத்த வரிகளைக் கேலி என்ற நீளத் தட்டுக்கு மாற்றுவார்கள். அதில் மை தடவி எடுப்பது கேலி புரூஃப். பிழை திருத்தியபின் பக்கம் பக்கமாகப் பிரித்து, இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, மரக்கட்டையும் ஆப்பும் செருகி, ஓர் எழுத்தும் அசையாதபடி இறுக்குவார்கள். அப்படி இறுக்கியதுதான் ஃபாரம். வடிவம் என்று பொருள்படும் 'ஃபார்மா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. விண்ணப்பப் படிவத்தைக் குறிக்கும் ஃபாரமும் அதே மூலந்தான். ஆகவே மாணவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை.

புத்தகக் கணக்கில் ஃபாரம் என்றால் ஒரு தாளின் இரு பக்கமும் அச்சடித்து மடித்தால் வரும் பக்கங்கள். டெம்மி தாளின் அளவு 17½ × 22½ அங்குலம். அதை மூன்று முறை மடித்தால் 8 இலை, 16 பக்கம். அதனால்தான் பழைய புத்தகங்களின் உள்பக்கத்தில் 'டெம்மி 1/8' என்று போட்டிருப்பார்கள். 80 பக்கம் என்றால் 5 ஃபாரம். 83 பக்கம் வந்தால் பதிப்பாளர் தலையில் கை வைப்பார்.

ஒருமுறை எங்கள் துறையின் அழைப்பிதழ் புரூஃப் வாங்கப் போயிருந்தேன். கோத்தவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் கேட்டார்: "தம்பி, 'தமிழ்துறை'ன்னு சார் எழுதிக் குடுத்திருக்காரு. நடுவுல 'த்' வரணும்லா? போட்டுரவா, இல்ல சார்ட்ட கேட்டுட்டு வாரியளா?" போய்க் கேட்டேன். பேராசிரியர் சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சி சொன்னா போட்டுரலாம்" என்றார். ஒவ்வோர் எழுத்தையும் விரலால் எடுத்துக் கோப்பவருக்கு, எந்த எழுத்து விட்டுப்போயிற்று என்று விரலே சொல்லிவிடும். இப்படிப்பட்ட தமிழறிவு எந்தச் சான்றிதழிலும் ஏறவில்லை.

கொம்பும் துணைக்காலும்

எழுத்தின் உறுப்புகளுக்குத் தமிழில் சொல் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால், மேல்விலங்கு, சுழி என்று நம் திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார்களே பெயர் வைத்திருந்தார்கள். கம்பாசிட்டரும் இதே பெயர்களைத்தான் சொன்னார். 'கொ' என்று கோக்க முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு துணைக்கால், ஆக மூன்று எழுத்துக்கட்டை.

சில எழுத்துகள் இந்தக் கணக்குக்கு அடங்காமல் இருந்தன. ணா, றா, னா மூன்றுக்கும் துணைக்கால் தனியே வராது, சேர்ந்தே வளைந்திருக்கும். ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்னால் யானைத் துதிக்கைபோல் ஒரு வளைவு. இவற்றுக்கெல்லாம் தனி அச்சு வார்க்க வேண்டும், கேஸில் தனி அறை வேண்டும். 1935-இல் பெரியார் தம் 'குடி அரசு' இதழில் இவற்றைச் சீராக்கி அச்சிடத் தொடங்கினார். 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தமிழக அரசு ஆணையிட்டு இதை ஏற்றது. மொத்தம் 13 எழுத்துகளின் வடிவம் மாறிற்று. நம்மில் மூத்தவர்கள் பள்ளியில் துதிக்கை போட்டு எழுதிப் பழகி, பிறகு மாற்றிக்கொண்டவர்கள். அறிஞர்கள் பல கோணத்தில் வாதாடினார்கள். கேஸ் முன்னால் நின்று கோத்தவருக்கோ அது அறைகள் குறைந்த கணக்கு.

குயர், ரீம், காலிகோ

பைண்டிங் பக்கம் வந்தால் சொற்கள் இன்னும் வேடிக்கை. சின்ன வயதில் "ரெண்டு குயர் நோட்டு ஒண்ணு குடுங்க அண்ணாச்சி" என்று கடையில் கேட்காதவர் நம்மில் யார்? குயர் என்றால் 24 தாள். நான்கு நான்காக என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது, பழங்காலத்தில் நான்கு தாளை ஒன்றாக மடித்துச் செருகியதால் வந்த பெயர். ரீம் என்பது அரபியில் கட்டு என்று பொருள்படும் 'ரிஸ்மா' என்ற சொல். முதலில் 480 தாள், பின்னாளில் 500 தாள்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது காலிகோ. நூலகத்துப் புத்தகங்களுக்கு அட்டை மேல் துணி ஒட்டிக் கட்டுவதைக் 'காலிகோ பைண்டிங்' என்பார்கள். வெளிநாட்டுச் சொல்போலத் தோன்றும். உண்மையில் அது நம் பக்கத்து மலையாளக் கரையின் கோழிக்கோடு. அந்தத் துறைமுகத்திலிருந்து ஏற்றுமதியான பருத்தித் துணிக்கு ஐரோப்பியர் ஊர்ப் பெயரையே வைத்தார்கள். கப்பலேறிப் போன பெயர் உருமாறி, ஆங்கிலச் சொல்லாகத் திரும்பி வந்து நம் பைண்டர் கையில் உட்கார்ந்துகொண்டது.

பைண்டர்கள் மைதா மாவைக் காய்ச்சிப் பசை எடுப்பார்கள். பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். புத்தகத்தைக் காக்கும் இந்த அறிவும் வாய்வழியாகவே வந்தது.

கடயத்திலிருந்து ஒரு கனவு

சொல் மாறும்போது காலம் மாறுவதைக் காட்ட நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. பாரதியார் 1918-இன் இறுதியிலிருந்து 1920 வரை செல்லம்மாளின் ஊரான கடயத்தில் வாழ்ந்தார். 1920-இல் அங்கிருந்தபடியே, தம் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி வீதம் பிரசுரம் செய்ய வேண்டும் என்று திட்டமிட்டு, பண உதவி கேட்டு நண்பர்களுக்கு எழுதினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் புத்தகமும் வீட்டுக்கு வீடு விலைபோகும் என்று நம்பினார். பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார்.

அதே 1920-இல் திருநெல்வேலியில் சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் தொடங்கியது. அவர் சொன்னது 'பிரசுரம்', இவர்கள் வைத்த பெயர் 'நூற்பதிப்பு'. ஒரே மாவட்டம், ஒரே ஆண்டு, ஒரே வேலைக்கு இரண்டு சொல். தனித்தமிழ் உணர்வு வளர்ந்த வரலாறு இந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் இருக்கிறது.

கம்ப்யூட்டருக்குள் போன சொற்கள்

1985-இல் அமெரிக்காவில் 'பேஜ்மேக்கர்' என்ற மென்பொருள் வந்தது. நம் ஊர் டி.டி.பி. சென்டர்களில் வெகுகாலம் இதை வைத்துத்தான் பிழைப்பு நடந்தது. அதை வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் ஆல்டஸ். வெனிஸ் நகரில் 1501-இல் சாய்ந்த எழுத்தில் முதன்முதலாக முழு நூல் அச்சிட்ட ஆல்டஸ் மனுசியஸ் என்ற அச்சாளரின் பெயர் அது. அந்தச் சாய்வெழுத்தைத்தான் இத்தாலிக்குரியது என்ற பொருளில் 'இட்டாலிக்' என்கிறோம்.

மாணவர்கள் தினமும் தட்டும் 'ஃபான்ட்' என்ற சொல்லுக்கு உருக்கி வார்த்தது என்று பொருள். ஈயமும் வெள்ளீயமும் ஆண்டிமனியும் சேர்த்து உருக்கி, ஒரே அளவில் ஒரே வடிவில் வார்த்த எழுத்துத் தொகுதிக்கு அந்தப் பெயர். தமிழில் இன்று 'எழுத்துரு' என்கிறோம். அழகான சொல்தான், ஆனால் அடுப்பின் சூடு அதில் இல்லை. 'பாயின்ட்' என்பது அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. 'கட் அண்ட் பேஸ்ட்' என்பது ஆஃப்செட் காலத்தில் கத்தரிக்கோலும் பசையும் கொண்டு பக்கம் ஒட்டியவர்களின் வேலை.

1991-இல் இணையப் பக்கம் வந்தது. அதற்கும் 'பக்கம்' என்றே பெயர். மார்ஜின், ஹெடர், ஃபுட்டர் எல்லாம் புத்தகத்திலிருந்து போனவை. வெப் டிசைன் செய்பவர்கள், திரையைத் தள்ளாமலே தெரியும் பகுதியை 'மடிப்புக்கு மேலே' என்கிறார்கள். பேப்பர் கடையில் மடித்துப் போட்ட செய்தித்தாளின் மேல்பாதிக்கு வைத்த பெயர் அது. திரைக்கு மடிப்பு ஏது? தொழில் மாறினாலும் நாக்கு மாறவில்லை.

தமிழுக்கு இங்கே ஒரு சிக்கல் வந்தது. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. சுரண்டையில் தட்டிய கட்டுரையைத் தென்காசியில் திறந்தால் ஒன்றும் புரியாது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு பொதுக் குறியீட்டையும் 'தமிழ்99' விசைப்பலகையையும் ஏற்றது. 1991-லேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தாலும், அது பரவலாகப் புழங்கப் பல ஆண்டுகள் ஆயிற்று. யூனிகோடில் 'கொ' என்றால் முதலில் க, பிறகுதான் ஒகரக் குறி. கொம்பை முன்னால் வைத்துக் கோத்த அண்ணாச்சிக்கு இது தலைகீழ். அவர் கண்ணுக்குத் தெரிந்த வரிசையில் கோத்தார், கம்ப்யூட்டர் வாயால் சொல்லும் வரிசையில் கோக்கிறது.

நாம் செய்யக்கூடியது

டி.டி.பி.யும் ஆஃப்செட்டும் வந்தபின், நம் பக்கத்தில் ஈய எழுத்துகளை எடை போட்டுப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்தார்கள். உலோகத்துக்கு விலை கிடைத்தது. கோத்த கைக்கு விலை இல்லை. சிலர் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டார்கள், சிலர் பலசரக்குக் கடைக்கும் காய்கறி மார்க்கெட்டுக்கும் கணக்கெழுதப் போனார்கள். புதிய தொழில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்கக் கோத்த பக்கத்தை இன்று ஒரு மணி நேரத்தில் முடிக்கிறோம், ஈயம் பட்ட கையோடு சோறு சாப்பிடும் ஆபத்தும் போயிற்று. எல்லாம் நன்மைதான். ஆனால் 440 ஆண்டுகளுக்கு முன் கொல்லத்தில் அடித்த 16 பக்கத்தை யாரோ பத்திரப்படுத்தியதால் நமக்கு அது தெரிகிறது. நம் கண் எதிரே இருந்த தொழிலின் சொற்களை நாமே பத்திரப்படுத்தாவிட்டால் எந்த நூலகத்திலும் தேட முடியாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். சுரண்டை, பாவூர்சத்திரம், வீரகேரளம்புதூர், தென்காசி வட்டாரத்தில் அச்சகத்திலோ பைண்டிங்கிலோ வேலை பார்த்தவர்கள் உங்கள் குடும்பத்தில் இருக்கலாம். மாணவர்கள் அவர்களிடம் போய் உட்கார்ந்து, எந்தக் கருவிக்கு என்ன பெயர், எந்த வேலைக்கு என்ன சொல் என்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். ஆங்கிலச் சொல்லாக இருந்தாலும், கொச்சையாக இருந்தாலும் திருத்த வேண்டாம். அதுதான் சான்று. நம் முன்னாள் மாணவர் சங்கம் அவற்றைத் தொகுத்து ஒரு சிறு நூலாக வெளியிடலாம். ஒரு ஃபாரம் போதும். அதில் என் செலவு என்ன என்று சொன்னால் முதல் ஆளாகத் தந்துவிடுகிறேன்.